பிரியாணிக் கடையின் பின்கட்டில் ஒரு சவுக்குத் தோப்பு

அதிகாலை நாலேகால். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பிரியாணிக் கடையின் பின்வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன். இந்தக் கடையின் முன்வாசலைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன். சிவப்புத் துணி சுற்றிய அண்டா, டோக்கன் கொடுக்கும் ஜன்னல், அதற்கு மேலே "விறகு அடுப்பு பிரியாணி" என்று தீ எரியும் படத்தோடு ஒரு பலகை. அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். விறகு நிஜமாகவே அடுப்பில் இருக்கிறதா, பலகையில் மட்டும்தான் எரிகிறதா?

பல நாள் நச்சரித்த பிறகு மாஸ்டர் ஒருவழியாக ஒத்துக்கொண்டார். "வர்றதுன்னா நாலு மணிக்கு வந்துடணும் மேடம். அஞ்சு மணிக்கு வந்து அடுப்பப் பார்த்தீங்கன்னா அது பாதிப் படம் பார்த்த மாதிரி." அதனால்தான் இந்த நேரத்தில், முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல், கையில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறேன். பின்கதவு திறக்கிறது. முதலில் வந்தது மசாலா வாசம் இல்லை. காய்ந்த மரத்தின் வாசம்.

விறகு இருக்கிறது! சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. யாரோ ரகசியம் சொன்னதுபோலச் சிரித்துவிட்டேன். மாஸ்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "துப்பட்டாவ இறுக்கிக் கட்டிக்குங்க மேடம். தீ சொன்னாக் கேக்காது."

ஐந்து அடுப்புகள் வரிசையாக. செங்கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டியவை, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். ஒரு பையன் காலி டேக்சாவைக் கவிழ்த்துப் போட்டு, அடியிலும் பக்கத்திலும் குழைத்த மண்ணைப் பூசிக்கொண்டிருந்தான். கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை இது. தீயில் பிடிக்கும் கரியெல்லாம் மண்ணின் மேல் படியும். வேலை முடிந்ததும் தண்ணீர் விட்டால் மண்ணோடு கரியும் கழன்றுவிடும். பாத்திரம் தேய்க்கிற அக்காவின் தோள்பட்டை பிழைக்கும். பையன் அதை எனக்கு விளக்கியபோது கூடவே ஒன்றைச் சேர்த்தான்: "அந்த அக்கா எங்க அம்மாதான்."

அடுப்பு மூட்டும் சடங்குக்கு வருவதற்கு முன்னால், முந்தின நாள் சாயங்காலத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். ஏனென்றால் மாஸ்டர் போட்ட நிபந்தனை இரண்டு. ஒன்று, நாலு மணிக்கு வர வேண்டும். இன்னொன்று, "மொதல்ல தொட்டியப் பாத்துட்டு வாங்க."

தொட்டி என்றால் தண்ணீர்த் தொட்டி இல்லை, விறகுத் தொட்டி. சென்னையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் விறகு விற்கும் இடத்துக்கு அதுதான் பெயர். ஒரு காலத்தில் தெருவுக்கு ஒன்று இருந்தது. வீடுகளில் மண்ணெண்ணெய் வந்தது, பிறகு கேஸ் வந்தது. 2007-இல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்தது, 2016-இல் மத்திய அரசின் உஜ்வாலா கேஸ் திட்டம் வந்தது. தொட்டிகள் ஒவ்வொன்றாகக் கார் நிறுத்தும் இடமாகவும் கல்யாண மண்டபமாகவும் மாறிப்போயின. நான் பார்த்த தொட்டி பொன்னேரிக்குப் போகிற வழியில் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. அதன் உரிமையாளர், அறுபதைத் தாண்டிய அண்ணன், தன் வாடிக்கையாளர் பட்டியலை ஒரே மூச்சில் சொன்னார்: "கல்யாணம், காதுகுத்து, டீக்கடை, பிரியாணி, கடைசிக் காரியம். எல்லாத்துக்கும் நம்மகிட்டதான் வரணும்."

தொட்டிக்குள் நுழைந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. விறகு என்றால் விறகு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அங்கே ஒரு சாதிவாரிக் கணக்கெடுப்பே நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் சவுக்கு மிலாறு, விரல் தடிமனில் நீள நீளமாக. அதை அடுத்து மணிக்கட்டுத் தடிமனில் சவுக்குக் கட்டை. அதற்கப்புறம் ஆப்பு வைத்துப் பிளந்த தடித்த துண்டுகள். மூலையில் மண்ணோடு பிடுங்கிய தூர்க்கட்டைகள், பார்க்க யானைக்கால் மாதிரி. வேறொரு குவியலில் முள்வேலி மரம், அதாவது சீமைக் கருவேலம். புளியங்கட்டை கொஞ்சம். மாமரம் கொஞ்சம், ஆனால் "அது டீக்கடைக்கு" என்று தூரத்திலேயே ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

"பிரியாணிக்கு எதுண்ணே?"

"சவுக்குதான்மா. வேற எது?" என்று இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினார். ணங் என்று கேட்டது. வேறு இரண்டை எடுத்துத் தட்டினார். தொப்பென்று ஒரு சத்தம். "மொத ஜோடி காஞ்சது. ரெண்டாவது இன்னும் தண்ணி குடிச்சிட்டு இருக்குது." விறகு டன் கணக்கில் எடை போட்டு வாங்கி, எடை போட்டு விற்கிற சரக்கு. ஈரம் இருந்தால் எடை ஏறும், அடுப்பில் புகையும் ஏறும். விற்பவருக்குப் பிடித்த விறகும் வாங்குபவருக்குப் பிடித்த விறகும் ஒருபோதும் ஒன்றாக இருக்காது என்பதை அண்ணன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் ஒரு கட்டு விறகு வாங்கலாம் போலிருந்தது. வாங்கி என்ன செய்வது? என் வீடு மூன்றாவது மாடியில்.

சவுக்குக்கு என்ன அப்படி ஒரு மவுசு? 1980-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் உலகத்தின் விறகு மரங்கள் பலவற்றைத் தொகுத்து ஒரு நூல் போட்டது. அதில், உலகிலேயே சிறந்த விறகு என்று பெயர் வாங்கிய மரமாகச் சவுக்கைச் சொல்லியிருக்கிறார்கள். பச்சையாக வெட்டி வைத்தாலும் பற்றிக்கொள்ளும். எரிந்து முடிந்த பிறகும் சாம்பலுக்குள் சூடு நெடுநேரம் நிற்கும். ஒரு கிலோவில் கிட்டத்தட்ட ஐயாயிரம் கிலோகலோரி. தண்ணீரில் போட்டால் சில துண்டுகள் மூழ்கிவிடும், அவ்வளவு கனம். இந்த மரம் நம் வீட்டுப் பிள்ளையும் இல்லை. தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் பக்கத்துக் கடற்கரை மரம். அதன் ஊசிபோன்ற கிளைகள் காசுவாரி என்ற பறவையின் இறகு மாதிரி இருப்பதால் விஞ்ஞானப் பெயரே காசுவாரினா. அந்த ஊசிதான் இலை என்று நினைத்திருந்தேன். அதுவும் தப்பு! ஊசி என்பது மெல்லிய கிளை. அதன் ஒவ்வொரு கணுவிலும் செதிலாக ஒட்டியிருப்பதுதான் இலை. சின்ன வயதில் அந்த ஊசியைக் கணுவில் பிடுங்கி, திரும்பச் செருகி, "எங்க உடைஞ்சிருக்கு சொல்லு" என்று விளையாடியிருக்கிறீர்களா? விளையாடியவர்கள் கை தூக்குங்கள். நாம் எல்லோரும் அப்போதே தாவரவியல் படித்திருக்கிறோம், மதிப்பெண்தான் யாரும் போடவில்லை.

இந்த வெளிநாட்டு மரம் நம் மணலுக்கு வந்ததற்குக் காரணம் பிரியாணி இல்லை, ரயில். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அந்தக் காலத்து இன்ஜின்களுக்கு விறகு தின்னக் கொடுக்க வேண்டியிருந்தது. அதே 1856-இல்தான் ஹ்யூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலர் ஆனார். ரயிலும் நகரமும் காட்டை விழுங்கும் வேகம் அவருக்குப் பெரிய கவலை. அந்த நூற்றாண்டிலேயே கிழக்குக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் வரிசையாக எழும்பின. மணலில் வேறு எதுவும் சுலபத்தில் வளராது. சவுக்குக்கு அந்தக் கவலை கிடையாது. அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கிக் கொடுத்துவிடும். வாடகையாகக் கொஞ்சம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும்.

இங்கேதான் எனக்குப் புல்லரித்த இடம். கும்மிடிப்பூண்டிக்கு வடகிழக்கே, பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற தீவாக்கும் என்று நாம் பெருமையாகச் சொல்கிற அதே தீவு, அதற்கு முன்னால் சென்னைப் பட்டணத்தின் விறகுக் கொட்டகை. அங்கே வெட்டிய விறகு படகில் ஏறி, பக்கிங்காம் கால்வாய் வழியாகத் தெற்கே மிதந்து வந்து, பட்டணத்து அடுப்புகளுக்குப் போகும். கால்வாயின் முதல் துண்டு 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டது. பிறகு நீண்டுகொண்டே போய், 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த மக்களின் கையால் ஊருக்குள்ளும் இணைப்பு வெட்டப்பட்டு, அப்போதைய ஆளுநரின் பெயரைச் சுமந்துகொண்டது. 1971 அக்டோபர் 9 அன்று அந்தத் தீவிலிருந்து ரோகிணி-125 என்ற சிறிய ராக்கெட் கிளம்பியது. விறகு அனுப்பிக்கொண்டிருந்த ஊர் வேறு ஒன்றை எரித்து அனுப்ப ஆரம்பித்துவிட்டது! தொட்டிக்கார அண்ணனுக்கு இது தெரியும். அவருடைய தாத்தா காலத்தில் விறகுப் படகு வந்ததைக் கேட்டிருக்கிறாராம். "இப்பவும் ராக்கெட் போனா மொட்டமாடியில நின்னு பாப்போம்மா. மேல போறப்போ பின்னாடி எரியுது பாருங்க, அதான் எனக்குக் கண்ணுல படும்."

இப்போது சரக்கு லாரியில் வருகிறது. பாதி ஓட்டுநர்கள் எளாவூர் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கத்து ஆந்திராக்காரர்கள். அவர்கள் "கட்டெலு" என்கிறார்கள், அண்ணன் "கட்டை" என்கிறார், எடைமேடையில் மட்டும் இருவரும் எண்ணைத் தமிழிலும் தெலுங்கிலும் இரண்டு தடவை சொல்லிக்கொள்கிறார்கள். நாலைந்து வருஷத்துச் சவுக்கு. நேராக, நல்ல பருமனாக இருப்பது சாரத்துக்கும் பந்தலுக்கும் போய்விடும். காகித ஆலைக்காரர்களுக்கும் சவுக்கு மேல் ஒரு கண். கோணல்மாணலும் நுனியும் தூரும்தான் அடுப்புக்கு.

மரத்தை வெட்டுவது யார் என்றும் கேட்டேன். அண்ணன் கொஞ்சம் நிதானித்தார். இந்த வடமாவட்டங்களில் தலைமுறைகளாக மரம் வெட்டுவதில் பெரும்பாலும் இருளர் குடும்பங்கள். முன்பணம் என்ற பெயரில் கொடுத்த சில ஆயிரங்களுக்காக ஒரு குடும்பமே வருஷக்கணக்கில் கொத்தடிமையாகக் கிடந்த கதைகளும் இந்தத் தொழிலில் உண்டு. 1976-லேயே சட்டம் போட்டுத் தடுத்த விஷயம். ஆனாலும் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகளோடு சேர்த்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். மீட்க வந்தவர்களின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிட்ட படத்தைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். துள்ளலாக ஆரம்பித்த கட்டுரையில் இதை எங்கே வைப்பது என்று யோசித்தேன். விறகு வருகிற வழியில்தானே இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். "நம்ம கிட்ட வெட்டறவங்களுக்கு அன்னன்னிக்குக் கூலிம்மா" என்றார் அண்ணன். நல்லது.

சரி, அடுப்படிக்குத் திரும்புவோம். மணி நாலே முக்கால்.

மாஸ்டர் முதலில் மிலாற்றைக் கைப்பிடி அளவு எடுத்துக் கூடுபோல அடுக்கினார். அதற்கடியில் காய்ந்த சவுக்கு ஊசி. ஒரு தீக்குச்சி, ஒன்றே ஒன்று! படபடவென்று சின்னச் சத்தத்தோடு பற்றியது. அதன் மேல் மணிக்கட்டுத் தடிமன் கட்டை இரண்டு. அதன் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டே நின்றார். நான் ஊதாங்குழலை எடுக்கப் போனேன். "வேணாம் மேடம். ஊதினா கோவிச்சுக்கும். அதுவா வரட்டும்." ஐந்து நிமிடத்தில் அடுப்பு முழுக்கச் செந்தழல். புகை? கண்ணில் இரண்டு சொட்டுத் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். காய்ந்த சவுக்கு அப்படித்தான், அதிகம் புகையாமல் எரியும்.

டேக்சா ஏறியது. எண்ணெயும் நெய்யும். பட்டை, கிராம்பு, ஏலக்காய் பொரியும்போது பையன் ஒரு கட்டையை வெளியே இழுத்தான். வெங்காயம் விழுந்ததும் உள்ளே தள்ளினான். நான் கவனித்தது இதைத்தான்: இந்தச் சமையலில் திருகும் குமிழ் கிடையாது. விறகை ஒரு சாண் இழுத்தால் சிம், ஒரு சாண் தள்ளினால் ஹை. மாஸ்டர் மேலே கிளறிக்கொண்டே கீழே குனியாமல் "டேய், ஒரு கட்டை" என்பார். பையன் இழுப்பான். எப்படித் தெரிகிறது? "சத்தம்தான். வெங்காயம் பேசுது பாருங்க." காதை நீட்டிக் கேட்டேன். எனக்கு வெறும் சலசலப்பாகத்தான் கேட்டது. இருபது வருஷம் கழித்து வந்தால் புரியலாம்.

இஞ்சி பூண்டு, கறி, தக்காளி, மிளகாய்த்தூள், தயிர், புதினா கொத்தமல்லி என்று வரிசையாக உள்ளே போனதை விரிவாக எழுதப் போவதில்லை. அதையெல்லாம் எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பக்கத்து அடுப்பில் அரிசிக்கு உலை. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். திறந்த விறகடுப்பில் விறகின் சூட்டில் நூறில் பத்துப் பதினைந்து பங்குதான் பாத்திரத்துக்குப் போகும், மிச்சமெல்லாம் காற்றுக்கு. அப்படியென்றால் ஒரு கிலோ சவுக்கு எரித்தால் சுமார் பத்து லிட்டர் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். ஒரு குடத்துக்கு ஒரு கிலோ! இவ்வளவு வீணா என்று மாஸ்டரிடம் சொன்னேன். "வீணா எங்க போச்சு? உங்க மூஞ்சியப் பாருங்க, நல்லா வெந்திருக்கு" என்றார்.

முக்கால் வேக்காட்டில் அரிசியை வடித்து, கறியோடு சேர்த்து, மூடியைப் போட்டு, விளிம்பில் கனமான ஈரத்துணியைச் சுற்றினார்கள். இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் பின்வாசல் வழியாக வந்ததற்குக் கிடைத்த பரிசு. எரியும் கட்டைகளை எல்லாம் அடியிலிருந்து இழுத்துவிட்டார்கள். ஒரு சுடர்கூட இல்லை. அடுப்பில் மிச்சம் இருப்பது கங்கு மட்டும், சிவப்பாக, சாம்பல் போர்த்தி, மூச்சுவிடுகிற மாதிரி மினுக் மினுக் என்று. அதில் பாதியை இரும்புத் தட்டால் வாரி, டேக்சாவின் மூடி மேல் பரப்பினார் மாஸ்டர். எல்லாம் கறுத்து அமைதியான அந்த இடத்தில் மூடிக்கு மேல் ஒரு சின்னச் சூரியன் உட்கார்ந்திருந்தது.

"இதுதான் சமையல்" என்றார். "முன்னாடி பண்ணினது எல்லாம் ஏற்பாடு."

நான் பலகையில் "விறகு" என்று படித்தபோதெல்லாம் தீயையும் புகையையும்தான் நினைத்தேன். விறகு இரண்டு முறை எரிகிறது என்பது இங்கேதான் புரிந்தது. முதல் முறை எரிவது விறகிலிருந்து வெளியேறும் ஆவி. அதுதான் நாம் பார்க்கும் சுடர். அது தீர்ந்த பிறகு மிஞ்சும் கரி, சுடர் இல்லாமல் தன் தோலிலேயே மெதுவாக எரியும். எழுநூறு எண்ணூறு டிகிரியில் சிவப்பாகக் கனலும், ஆனால் அவசரப்படாது. முதல் அரைமணி நேரம் வெங்காயத்துக்கும் கறிக்கும். இரண்டாவது அரைமணி நேரம் அரிசிக்கு. கேஸில் இந்த இரண்டாவது பிறவி கிடையாது. திறந்தால் எரியும், மூடினால் அணையும்.

மூடி மேல் கங்கு போடுவதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. மேலிருந்தும் வேகவைக்கத்தான் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மூடி குளிர்ந்திருந்தால் உள்ளிருந்து எழும் ஆவி அதில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டுச் சொட்டாக அரிசி மேலேயே விழும். மேல் அடுக்குக் குழைந்துபோகும். மூடி கொதிக்கக் கொதிக்க இருந்தால் ஆவி ஆவியாகவே சுற்றிக்கொண்டிருக்கும், அரிசி உதிர் உதிராக நிற்கும். பாடப்புத்தகத்தில் ஆவி சுருங்குதல் என்று படித்தோமே, அது இங்கே பிரியாணியின் எதிரி!

அப்படியானால் புகை வாசம்? இதை நான் கேட்டபோது மாஸ்டர் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "மூடின டேக்சாவுக்குள்ள பொக எப்படிப் போவும்? கிளர்றப்போ கொஞ்சம் ஏறும். மத்ததெல்லாம் சாப்பிடறவங்க மனசுல ஏறுது." ஒரு பிரியாணி மாஸ்டர் தன் பலகையின் மர்மத்தைத் தானே உடைப்பதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைத்திருந்தது. மரத்தை ஒட்டவைக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் சிதையும்போது குவாயகால், சிரிங்கால் என்ற வாசனைப் பொருள்கள் வரும். புகையில் வாட்டிய கறிக்கு அந்த வாசத்தைக் கொடுப்பவை அவைதான். குளிர் நாடுகளில் செர்ரி மரத்துண்டுகளைப் புகையவிட்டு, பெட்டிக்குள் இறைச்சியை மணிக்கணக்கில் தொங்கவிடுகிறார்கள். அங்கே புகைதான் கதாநாயகன். அதே செர்ரிக் கட்டை கணப்பில் எரிந்து வீட்டையும் சூடாக்குகிறது. நம் பக்கத்தில் புகையில் பதப்படுத்திய பண்டம் வேண்டுமென்றால் மாலத்தீவிலிருந்து வரும் மாசியைத்தான் காட்ட வேண்டும். சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டை மாதிரி காயவைப்பார்கள். இலங்கைச் சம்பல்கள் பலவற்றில் அது இல்லாமல் வேலை நடக்காது. பழவேற்காட்டுக் கருவாடு முழுக்க முழுக்க வெயிலின் கைவேலை. இவ்வளவு வெயில் இருக்கிற ஊரில் புகைக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

செர்ரி என்றதும் பையன் குறுக்கே வந்தான். "நம்மகிட்டயும் செர்ரி இருக்குதே!" என்று என்னைக் கையைப் பிடிக்காத குறையாக வெளியே இழுத்துப்போனான். கடைக்குப் பின்னால், ஒரு தொழிற்சாலையின் மதிலை ஒட்டி ஒரு தேன்பழ மரம். குடைபோல விரிந்து, சிவப்புச் சிவப்பாய்க் குட்டிப் பழம். பல ஊர்களில் நைனாப் பழம் என்பார்கள், நர்சரிக்காரர்கள் சிங்கப்பூர் செர்ரி என்று விற்கிறார்கள். செர்ரிக் குடும்பத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த வேறு மரம். வவ்வாலும் குருவியும் விதை போடுவதால் மதிலோரத்திலும் பெட்ரோல் பங்கிலும் கேட்காமலேயே முளைக்கிறது. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். இதன் கட்டையும் விறகுக்குப் பேர்போனதுதான். சட்டென்று பற்றும், நல்ல சூடு, புகை மிகவும் குறைவு. அங்கே செர்ரியைப் புகைக்காக எரிக்கிறார்கள், நம் பெயரளவுச் செர்ரி புகையவே தயங்குகிறது! ஒரு கிளையை வெட்டிப் பார்க்கலாமா என்றேன். மாஸ்டர் உள்ளேயிருந்து கத்தினார்: "மரத்துல கை வெச்சா பசங்க என்னைக் கொன்னுடுவாங்க. மத்தியானம் அந்த நெழல்லதான் பார்சலப் பிரிச்சுத் திங்கறாங்க."

விடியும் நேரத்தில் சிப்காட் சாலையில் ஒரு சுற்று நடந்தேன். மார்கழி. ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் காவலாளிகள் ஒரு சின்ன நெருப்பைச் சுற்றி. வீட்டைச் சூடாக்க விறகு என்ற பேச்சே இல்லாத ஊரில், கணப்பு என்பது இதுதான், வருஷத்தில் சில வாரங்கள். அவர்கள் எரிப்பது சவுக்கு இல்லை. இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிக் கட்டை, பைன் மரம். ஒரு பலகையில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரையும் பக்கத்தில் "எச்.டி." என்ற எழுத்தும் இருந்தன. எல்லை தாண்டும் மரப்பெட்டிகளில் பூச்சி ஒளிந்து வரக் கூடாதென்று சூடாக்கிப் பக்குவம் செய்ததற்கு அடையாளம். "எம்.பி." என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயு காட்டியது, அதைத் தொடாமலிருப்பது நல்லது. நான் இதைச் சொன்னதும் வயதான காவலாளி ஒருவர் எரிந்துகொண்டிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் எச்.டி. "தேர்வுல பாஸ்" என்று சிரித்தார். கங்கை அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்தாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன், கரி எரியும் காற்றுக்கு வாசமும் இல்லை, இரக்கமும் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இரும்பை உருக்கும் உலை ஆயிரத்தைந்நூறு டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் அதற்குக் காவல் இருப்பவர் உள்ளங்கையைக் காய்ச்சிக்கொள்கிறார்.

பைன் கட்டை இலவசமாகக் கிடைக்கிறதே, அதை எரிக்கலாமே என்று மாஸ்டரிடம் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அதுல பிசின் மேடம். டேக்சா பூராவும் தார் போட்ட மாதிரி ஆயிடும். கங்கும் நிக்காது, பொசுக்குனு போயிடும்." அவருக்கு விறகின் தரம் சுடரில் இல்லை, அது விட்டுப்போகும் கங்கில் இருக்கிறது. முன்வாசலில் அவருக்குக் கிடைக்கிற பாராட்டில் பாதி அந்தச் சிவப்புத் துண்டுகளுக்குப் போக வேண்டியது என்பது என் கட்சி. அவரிடம் சொன்னேன். "கால்வாசி" என்று பேரம் பேசினார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. என் பாட்டி புகையடுப்பில் கண் எரிய எரிய ஊதியவள். வீட்டுக்குள் கேஸ் வந்த அன்று தெருவுக்கே பாயசம் கொடுத்தாள். அவளுடைய பேத்தி விறகுக்காகக் கூடுதல் காசு கொடுத்து பிரியாணி வாங்குகிறாள். பாட்டி இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும், அதை இங்கே அச்சிட முடியாது.

பதினொன்றேமுக்காலுக்குக் கடைசி டேக்சாவின் மூடியிலிருந்து கங்கை வாரினார்கள். ஈரத்துணி கழன்றது. மாஸ்டர் கரண்டியை ஓரமாக உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு புரட்டு. எழுந்த ஆவியில் என் மூக்குக்கண்ணாடி மறைந்துபோய், ஒன்றும் தெரியாமல், கையில் திணிக்கப்பட்ட தட்டிலிருந்து முதல் வாய். என்னிடம் ருசியைக் கேட்காதீர்கள். ஏழரை மணி நேரம் தீ பார்த்தவளின் சாட்சி செல்லாது. சங்கு ஊதியது. முன்வாசலில் நீலச் சட்டை, காக்கிச் சட்டை, ஒடியா, இந்தி, தெலுங்கு, தமிழ் எல்லாம் ஒரே வரிசையில் டோக்கனுக்கு.

நான் கிளம்புவதற்காகப் பின்வாசலுக்கு வந்தபோது அங்கே வேறொருவர் நின்றிருந்தார், கையில் நெளிந்த தகர டின்னோடு. எதிர்ச் சந்தில் இஸ்திரி போடுபவராம். பையன் எதுவும் கேட்காமல், மூடியிலிருந்து வாரிய கங்கில் நல்லதாகப் பார்த்து டின்னை நிரப்பினான். அவர் இரண்டு ஊது ஊதினார். சாம்பல் பறந்து, சிவப்பு மறுபடி வந்தது. "இன்னிக்கு நல்ல கட்டை போல" என்றார். சிப்காட்டில் இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர்களின் சட்டைகள் அவரிடம் காத்திருந்தன.